ஊன்றுகோல் என்னும் சொல்



ஆங்கிலத்தில் 'வாக்கிங் ஸ்டிக்' என்று வழங்கும் பொருளுக்குத் தமிழிலே ஊன்றுகோல் என்று பெயர். பொருள் ஒன்றே, ஆயினும் பெயரிட்டோர் கண்ட கோணம் வேறு. நடப்பதற்கு உதவுவது என்று ஆங்கிலேயர் கண்டனர். ஊன்றி நிற்பதற்கு உரியது என்று தமிழர் கண்டனர். ஒரு பெயரில் நடை இருக்கிறது. மற்றொன்றில் நடையைப் பற்றிய பேச்சே இல்லை. இஃது அகராதி எழுதுவோருக்கு மட்டும் உரிய நுட்பம் என்று சிலர் எண்ணக்கூடும். கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப், மாரிகுப்பம் முதலிய குடியிருப்புகளில், கோலை ஊன்றிப் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும் முதியோரைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்காக அவ்வூரைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறவேண்டும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே வந்து சேர்ந்தனர். அதன்பின் வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளில் குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிகுப்பத்தில் ஒரு கிளை இருந்தது என்றால், அம்மக்கள் பாறையை மட்டுமன்றி நூலையும் தோண்டியவர்கள் என்பது விளங்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் 3,000 மீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டிற்று. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு வேலை நின்றது. இளைஞர் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். முதியவர் வீட்டில் இருக்கிறார்; அவருடைய கோல் கதவோரத்தில் சாத்தி இருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

கோல் என்பது தமிழில் மிகப் பழைய சொல். அதன் குடும்பமோ மிகப் பெரியது. அரசன் கையில் அது செங்கோல். முறை தவறினால் அதுவே கொடுங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். எழுதுவோன் கையில் எழுதுகோல். பூட்டைத் திறப்பது திறவுகோல். பாறையைப் பெயர்ப்பது நெம்புகோல். எருதை ஓட்டுவது தாற்றுக்கோல். சுவரில் துளையிடும் திருடன் வைத்திருப்பது கன்னக்கோல். சோழர் காலத்தில் நிலம் அளந்ததும் கோலே. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கல்வெட்டுகளில் காண்கிறோம். இன்னும் அளவுகோல் என்றே சொல்லி வருகிறோம். அரசனுக்கும் திருடனுக்கும் ஒரே சொல்லை வைத்து, முன்னே ஓர் அடைமொழியை மட்டும் மாற்றிக்கொண்ட நம் முன்னோரின் சிக்கனத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வியப்பும் வருகிறது.

இக் கோல்களுள் பொன்னொடு தொடர்புடையது ஒன்று உண்டு. அதனைத் தங்கவயலை நினைக்கும்போது சொல்லாமல் விடுவதற்கில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் தலைக்கோலே அது. போரில் தோற்றோடிய பகையரசனுடைய வெண்கொற்றக் குடையின் காம்பைக் கொணர்ந்து, அதன் கணுக்கள்தோறும் நவமணிகளைப் பதித்து, கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பொற்றகட்டால் பொதிந்து, இந்திரன் மகன் சயந்தனாக அதனைப் போற்றி வைத்திருந்தனர். நாடகக் கணிகை அரங்கேறும் நாளில் அக்கோலைப் புனித நீராட்டி, மாலை சூட்டி, யானையின் கையில் கொடுத்து, வலம் வரச் செய்து அரங்கிற்குக் கொண்டு வருவர். மாதவி தலைக்கோற் பட்டம் பெற்றது அவ்வாறே. மூங்கிற் கோலுக்குப் பொன்னுறை இட்டவர்கள் தமிழர். அப் பொன்னை எவர் எடுத்தார், எக்குழியிலிருந்து எடுத்தார் என்பதை இளங்கோவடிகள் கூறவில்லை. காவியத்திற்கு அஃது இன்றியமையாதது அன்று போலும்.

தடி என்பது வேறு வகைச் சொல். கோலைக் காட்டிலும் அது பருமனானது. தடித்தது என்னும் பொருள் அதன் உள்ளேயே கிடக்கிறது. கைத்தடி என்று சொல்லும்போது ஓரளவு மென்மை வந்துவிடுகிறது, ஈ. வெ. ரா. பெரியாருடைய கைத்தடியை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் அண்மைக் காலத்து அரசியற் பேச்சில் கைத்தடி என்னும் சொல் ஒருவரை அண்டிப் பிழைத்து அவர் ஏவலைச் செய்து திரிபவனையும் குறிக்கலாயிற்று. பத்திரிகையிலே 'இன்னாருடைய கைத்தடிகள்' என்று படித்தால், அங்கே மரத்தைப் பற்றிய பேச்சில்லை என்பது சிறுவருக்கும் தெரியும். போலீசார் கூட்டத்தைக் கலைப்பதைத் தடியடி என்கிறோம். வடநாட்டில் 'லாட்டி' என்பதும், நம்மவர் 'லத்தி' என்பதும் ஒன்றே. வடமொழி 'யஷ்டி' பிராகிருதத்தின் வழியாக உருமாறி வந்தது அது. தடியெடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்பது பழமொழி. கந்துக் கடனுக்கும் தண்டல் என்றே பெயர் வழங்கும் ஊர்களில் இப் பழமொழிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. சம்பள நாளன்று வாசலில் வந்து நிற்கும் கடன்காரனை எந்தத் தொழிலாளர் குடியிருப்பும் அறியும்.

பிரம்போ எனில் வாத்தியார் கையிலும் மேஸ்திரி கையிலும் இருப்பது. பிரப்பங்கொடியின் தண்டு என்னும் முதற்பொருள் நாற்காலி பின்னுவோருக்கு நினைவிருக்கலாம். மற்றவர்களுக்கு முதுகில்தான் நினைவிருக்கும். மதுரையிலே வைகை பெருகியபோது, பிட்டைக் கூலியாகப் பெற்று வந்தி என்னும் கிழவிக்காக மண் சுமந்த கூலியாளாகச் சிவபெருமான் வந்தார் என்பதும், வேலையைச் சரிவரச் செய்யாமையால் பாண்டியன் அவரைப் பிரம்பால் அடித்தான் என்பதும், அவ்வடி உலகத்து உயிர்கள் அனைத்தின்மீதும் பட்டது என்பதும் திருவிளையாடற் கதை. கதை சொல்வோர் அதனைப் பொற்பிரம்பு என்பர். மண் சுமக்கும் கூலியாள், அவன் முதுகில் விழுந்த பொன்னாலாகிய பிரம்பு! ஒரு கூலியாள் மேல் விழும் அடியை எல்லோர் முதுகும் உணரவேண்டும் என்று எண்ணிய கற்பனை நம் நாட்டில் தோன்றியிருக்கிறது. அக்கற்பனைக்கு ஏற்ற சட்டங்கள் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று.

இவ்வாறு நோக்கினால், செங்கோல், தடி, பிரம்பு ஆகிய மூன்றும் ஒருவன் மற்றொருவனை நோக்கி நீட்டுவன என்பது புலனாகும். ஊன்றுகோல் அவ்வாறு நீள்வதில்லை. அது மண்ணை நோக்கியே இருக்கிறது. அதைப் பிடித்தவனுடைய சுமையை மண்ணுக்கு இறக்கிவிடுகிறது. ஊன்றுதல் என்னும் வினை எத்துணை இடங்களில் வருகிறது என்று பாருங்கள். நாற்றை ஊன்றுகிறோம், விதையை ஊன்றுகிறோம், பந்தற்காலை ஊன்றுகிறோம், காலை ஊன்றி நிற்கிறோம், கருத்தை ஊன்றிப் படிக்கிறோம். ஓரிடத்தில் நிலைபெறச் செய்தல் என்பதே இவை அனைத்துக்கும் பொது.

திருவள்ளுவர் இதனை ஊற்றுக்கோல் என்கிறார். வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்கு ஊற்றுக்கோல் எவ்வாறோ, அவ்வாறே ஒழுக்கமுடையோர் வாய்ச்சொல் என்பது கேள்வி என்னும் அதிகாரத்தில் அவர் கூறும் உவமை. அதற்கு முந்திய குறளில், கல்லாதவனுக்குக் கேள்வி தளர்ச்சியிலே ஊற்றாகும் துணை என்கிறார். வழுக்கல், தளர்ச்சி என்னும் இரண்டு நிலைகளையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். கால் சறுக்குவது ஒன்று, உடல் ஓய்வது மற்றொன்று. இரண்டுக்கும் கோல் வேண்டும்.

இவ்விரண்டாவது நிலையைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் முழுவதும் பாடியிருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தாம் பாடிய பாட்டில் வரும் தொடரே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று நின்றது. தொடி என்பது பூண். தலையிலே பூணிட்ட பெரிய தண்டினை உடையவர் என்பது பொருள். ஊன்றுகோலே ஒரு புலவருக்குப் பெயராயிற்று. பாட்டின் செய்தி மிக எளியது. இளமையில் மகளிரோடு மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடியதும், நீர்த்துறையில் தாழ்ந்து படிந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்போர் வியக்க ஆழ்ந்த மடுவில் குதித்ததும், மூழ்கி அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியதும் நினைத்துப் பார்த்து, அந்த இளமை இப்போது எங்கே போயிற்றோ என்று அவர் இரங்குகிறார். இப்போதோ தண்டை ஊன்றிக்கொண்டு, உடல் நடுங்க, இருமலுக்கு இடையிடையே சில சொற்கள் மட்டும் பேசும் முதியவர் ஆகிவிட்டார்.

ஆழத்தில் இறங்கி அடிமணலைக் கொண்டு வந்தது. அதன்பின் கோலும் இருமலும். இருபது நூற்றாண்டுகளுக்கு முன் பாடிய புலவர் கோலார் சுரங்கத்தை அறியார். ஆயினும் அப்பாட்டினைத் தங்கவயலில் படிக்கும்போது, படிப்பவர் குரல் சிறிது நின்று போகும்.

ஏனெனில் அங்கே இருமல் முதுமையோடு மட்டும் வந்ததன்று. பொன் அங்கே வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறையில் கலந்து கிடந்தது. அப்பாறையைத் துளையிடும்போதும் வெடிக்கும்போதும் கிளம்பும் நுண்தூசு, கண்ணுக்குத் தெரியாத அளவினது. மூக்கும் தொண்டையும் தடுக்கமாட்டாமல் நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்கிவிடும். தங்கிய இடத்தில் தழும்பு உண்டாகும். தழும்பான நுரையீரல் மீண்டும் விரியாது. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய் நம் நாட்டில் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கச் சுரங்கங்களிலேதான். 1947இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர் 7,653 பேருள் நூற்றுக்கு 43.7 பேர் வீதம் இந்நோய் கண்டிருந்தனர். ஏறத்தாழ இருவரில் ஒருவர். இதற்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தூசைத் தடுப்பது ஒன்றே வழி. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் இந்நோய் வளரும் இயல்பினது. காசநோயும் இவர்களை எளிதில் பற்றும்.

இத்தகையோர் கையில் இருக்கும் கோலைக் கவனிக்க வேண்டும். இவர்களுடைய கால்கள் பெரும்பாலும் பழுதற்றவை. ஏணியிலும் பாறையிலும் ஏறி இறங்கி உரம் பெற்ற கால்கள் அவை. நடப்பதற்குக் கோல் வேண்டியதில்லை, நிற்பதற்கே வேண்டியிருக்கிறது. சிறிது தொலைவு நடந்தபின் கோலை முன்னே ஊன்றி, இரு கைகளையும் அதன் பிடிமேல் வைத்து, தோளைத் தாங்கலாக்கிக் குனிந்து நிற்பார்கள். கைகள் ஊன்றிய நிலையில் தோளுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட தசைகள் மூச்சிழுக்கத் துணைசெய்கின்றன என்று மருத்துவர் விளக்குகின்றனர். மூச்சு திரும்பியபின் மீண்டும் நடை. இங்கே 'வாக்கிங் ஸ்டிக்' என்னும் பெயர் தோற்றுப் போகிறது. ஊன்றுகோல் என்னும் நம் சொல் ஓர் எழுத்தும் மிகாமல் குறையாமல் பொருந்தி நிற்கிறது.

இதனை இத்துணை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் எம்போன்றோருக்குச் சொல் என்பது அன்றாடப் பிழைப்பு. ஏழை முதியோருக்குத் துணைக்கருவிகளை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா என்னும் திட்டத்தை மத்திய அரசு 2017இல் தொடங்கிற்று. அதன் பட்டியலில் 'வாக்கிங் ஸ்டிக்', முழங்கைத் தாங்கல், மூன்று கால் உடையது, நான்கு கால் உடையது, சக்கர நாற்காலி, காதுக் கருவி, பல்வரிசை, மூக்குக்கண்ணாடி ஆகியன உள்ளன. இத்தகைய பட்டியலைத் தமிழாக்க முற்படுவோர் முன் பல சொற்கள் வந்து நிற்கும். நடைக்குச்சி என்பார் ஒருவர். குச்சி என்பது பல் துலக்கவும் அடுப்பெரிக்கவும் ஆனது. நடைக்கோல் என்பார் மற்றொருவர். ஆங்கிலத்தின் நிழல் அது. கைத்தடி என்பது பழகிய சொல்லே. ஆயினும் அதற்கு நேர்ந்த புதுப்பொருளை முன்னரே கூறினோம். 'முதியோருக்குக் கைத்தடிகள் வழங்கப்படும்' என்று சுவரொட்டியில் கண்டால் குறும்புக்காரர் எவரேனும் சிரிக்கக்கூடும். ஊன்றுகோல் என்றால் எவரும் சிரிக்கமாட்டார்.

மூன்று கால் உடைய கோல் இன்னும் இடர் தருவது. முக்கோல் என்று சுருக்கினால் வைணவத் துறவியர் மூன்றினை ஒன்றாகக் கட்டி ஏந்தும் கோலைக் குறிக்கும். முக்கால் ஊன்றுகோல் என்றாலோ, அரசாங்கம் கால் பங்கைக் குறைத்துக்கொண்டு முக்கால் பங்கை மட்டும் கொடுக்கிறது என்று பொருள்படும்! 'மூன்றுகால் ஊன்றுகோல்' என்று முழுமையாக எழுதிவிடுவதே நன்று. ஓர் எழுத்துக் கூடுவதால் கருவூலத்துக்கு நட்டமில்லை.

பார்வையற்றோர் வைத்திருக்கும் வெள்ளைக் கோலை இதனோடு சேர்த்தல் கூடாது. அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 15ஆம் நாளை அதற்குரிய நாளாகக் கொண்டாடி வருகின்றனர். பிற நாடுகளும் அதனை ஏற்றன. இலங்கைத் தமிழர் அதனை வெள்ளைப் பிரம்பு தினம் என்கின்றனர். அங்கே பிரம்பு என்னும் சொல்லிலிருந்து அடியின் நினைவு நீங்கிவிட்டது போலும். நம் காதுக்கு அது சற்றே உறுத்துகிறது. அக்கோல் எவரையும் தாங்குவதில்லை. முன்னே தட்டித் தடவி வழியைச் சொல்கிறது. ஆகையால் ஊன்றுகோல் என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது. வெண்கோல் என்பது போதும்.

பிறமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இன்னொரு கவலை உண்டு. பேரப் பிள்ளைகள் அந்தந்த நாட்டு மொழியில் கற்கின்றனர். தாத்தாவின் கோலுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் விழிக்கின்றனர் என்று பெரியோர் வருந்துகின்றனர். தங்கவயலைப் பொறுத்தவரை இச்சொல்லைப் பற்றி அத்துணை வருத்தம் வேண்டா. கன்னடத்தில் இதற்கு ஊருகோலு என்று பெயர். நம்முடைய கன்று அவர்களிடத்தில் கரு ஆனாற்போல, நம்முடைய ஊன்று அவர்களிடத்தில் ஊரு ஆயிற்று. கோல் இரு மொழிக்கும் பொது. எல்லைக்கு அப்பால் தெலுங்கர் ஊதகர்ர என்பர். ஊத என்பது தாங்கல். மலையாளத்தார் ஊன்னுவடி என்பர். நான்கு மொழிகளும் நடையை விட்டுத் தாங்குதலையே பற்றியிருக்கின்றன. கன்னடப் பள்ளியில் பயிலும் சிறுவன் ஊருகோலு என்று எழுதும்போது தன் பாட்டனுடைய சொல்லைத்தான் எழுதுகிறான். அருகில் அமர்ந்து அதனைச் சுட்டிக்காட்டுவதற்கு வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். கன்னட எழுத்தில் அச்சிட்ட முகாம் அறிவிப்பை அவன் வாய்விட்டுப் படித்தால், எழுத்தறியாத பாட்டிக்கும் எப்பொருளைக் கொடுக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

பெற்ற கோலைப் பற்றிச் சில குறிப்புகள் கூறி முடிக்கிறோம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் கோலின் பிடி இருக்கவேண்டும். ஒரு கால் நோயுற்றவர் அக்காலுக்கு எதிர்ப்புறத்துக் கையிலே கோலைப் பிடிக்கவேண்டும். பலர் நோயுற்ற பக்கத்திலேயே பிடித்து இடர்ப்படுகின்றனர். மூச்சுக்காக ஊன்றுவோர்க்கு இவ்விதி இல்லை. அவர்களுக்கு இரு கைகளும் பொருந்தக்கூடிய அகன்ற பிடியே வசதி. அடியில் உள்ள இரப்பர் மூடிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் அதனைப் பூண் என்றே சொல்லலாம். உலக்கைக்கு இருப்பதும் பூணே. அந்தப் புறநானூற்றுக் கிழவருடைய தண்டுக்கு இருந்ததும் பூணே. கல்லும் சரளையும் நிறைந்த தரையில் இரப்பர்ப் பூண் விரைவில் தேயும். அதன் அடியிலுள்ள வரிகள் மழுங்கியவுடன் மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் ஈரத் தரையில் கோல் வழுக்கும். மருந்துக் கடைகள் பலவற்றில் பூண் தனியாகவும் கிடைக்கிறது; வாங்கச் செல்வோர் கோலையும் உடன் கொண்டு சென்று பருமனை ஒத்துப் பார்த்து வாங்குக.